பிங்யாவோ மதில்மேல் அக்கா

ஒக்டோபர், ஞாயிறு இரவு

டார்ம்ஸ்டாட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீரோடு சீன இனிப்பு வைத்தாள். அவளும் அத்தானும் பீஜிங், தாதொங், பிங்யாவோ எல்லாம் பார்த்துவிட்டு வந்துவிட்டார்களாம்! நானும் அக்காவும் போவதற்கென்று நான் தேடித்தேடிப் போட்ட பயணத் திட்டம் அது. "இந்த வருசம் எனக்கு ஏலாது" என்று அவள் சொன்னதால்தான் எடுத்த லீவையே திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"போக முன்னம் சொன்னா கண்ணூறு பட்டிடுமடி. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பிறகு அத்தான் படங்களைக் காட்டினார். பிங்யாவோ கோட்டை மதில்மேல், அக்காவின் தோளில் கைபோட்டபடி அவளுடைய சிநேகிதி ரதியும் நிற்கிறாள். அப்படியென்றால் அக்கா பயந்தது என் கண்ணுக்கு மட்டும்தான்.

"வடிவான படம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் நாவூறு என்பாள். சீன இனிப்பொன்றை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.