கத்தரிக்கோல் கேட்கும் ஆல்பம்

பிப்ரவரி 9

வணக்கம்.

உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று அப்பாவிடம் கேட்டேன். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கூப்பிடு" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் பதினாறாவது பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. நன்றி. நன்றி சொல்லி எழுதச் சொன்னது அப்பாதான். போனில் சொல்லலாம். ஆனால் நான் போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்ப்பார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் இல்லையா, எதைப் பார்த்தாலும் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்றே பார்ப்பார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய சலூன்காரரின் முதல் ஆல்பம் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து ஆல்பமும் இருக்கிறது. அட்டையில் அவர் பெயர் வேறு. அண்ணனின் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து கிளாரினெட் பழகியவர் என்பதால் எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு அவர் சலூன்காரர்.

பரிசு பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. உங்கள் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று அப்பாவிடம் கேட்டு, அவர் சொன்னதை வாங்கி, காகிதம் சுற்றி அனுப்பினால் அது பரிசு இல்லை, ஆர்டர். கொடுக்கிறவர் தானாக யோசிக்க வேண்டும். தப்பாகிப் போனாலும் பரவாயில்லை. கோபத்தில் எழுதவில்லை. சுற்றியிருந்தது அழகாகவே இருந்தது. மடிப்பெல்லாம் கத்தி மாதிரி.

இப்படிக்கு,
லிஃப்ட்காரர் மகள்


பிப்ரவரி 17

லிஃப்ட்காரர் மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை முகம் சுருங்கியது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. நீ சொன்னது சரி. அது ஆர்டர்தான்.

உன் அப்பா உன்னை இரண்டு முறை அழைத்து வருவதாகச் சொன்னார். இரண்டு முறையும் உனக்குத் தலைவலி. நான் பல் மருத்துவமனையின் தரைத்தளத்தில் பல் செட் செய்கிறவள். உண்மையான வலிக்கும் மனசில்லாத வலிக்கும் வித்தியாசம் தெரியும். அதனால் கோபமில்லை.

மடிப்பு கத்தி மாதிரி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினேன். ஒரு பெண் இப்படி உயிரை விடுகிறாளே, அதில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று ராத்திரி போட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டு வருவதற்குள் தூங்கிவிட்டேன். தூங்குவதற்கு முன் இரண்டு தடவை எழுந்துபோய் சமையலறைக் குழாயை இறுக்கினேன். எங்கேயோ சொட்டிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு சத்தம். குழாய் ஒழுகவில்லை. உன் ஆள்தான்.

நான் பிரித்துக் கேட்ட பரிசை உனக்குக் கொடுத்ததற்கு மன்னித்துவிடு. வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு. நீ மற்றவர்களுக்கு என்ன கொடுப்பாய் என்றும் எழுது. பார்ப்போம், உன் கருத்து உன்னிடமே செல்லுபடியாகிறதா என்று.

அன்புடன்,
பல் செட் செய்பவள்


பிப்ரவரி 26

வணக்கம்.

அது குழாய் இல்லை. கத்தரிக்கோல். முதல் ஆல்பத்தை அந்தச் சலூனிலேயே, கடை நடக்கும்போதே பதிவு செய்தார்கள். அவர் வாசிக்கிறார், பின்னால் அவர் அண்ணன் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்தாவது பாட்டில் ஒருவர் தும்முவார். அதற்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் குழாயை இறுக்கினீர்கள் என்று படித்ததும் வகுப்பிலேயே சிரித்துவிட்டேன், வெளியே அனுப்பினார்கள்.

சிடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடையில் கொடுத்து மாற்றாதீர்கள். படுக்கப் போகும்போது போடாதீர்கள். வேலை செய்யும்போது போடுங்கள்.

நான் என்ன கொடுப்பேன் என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவின் பிறந்தநாளுக்கு இரண்டாவது ஆல்பத்தைக் கொடுத்தேன். அவர் இன்னும் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "நீ குடுத்ததாச்சே, பத்திரமா இருக்கட்டும்" என்கிறார். டிவி மேல் சாமிப் படம் மாதிரி நிற்கிறது. எனக்குப் பிடித்ததைத்தான் கொடுத்தேன், அவருக்குப் பிடித்ததை யோசிக்கவில்லை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அதனால் பாதி செல்லுபடியாகவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அம்மா அங்கேயே தங்கிவிட்டாள், அது உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் அவளிடமிருந்து ஒரு சட்டை வரும். இந்த வருஷம் வந்ததில் காலரில் பத்து வயது என்று போட்டிருந்தது. போன வருஷமும் பத்துதான். அவள் கண்ணில் நான் வளரவே இல்லை. அளவு கேட்டு எழுதியிருக்கலாம், கேட்டால் அது ஆர்டர் ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அப்பாவிடம் நான் சட்டை சரியாக இருக்கிறது என்றே சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

லிஃப்ட்காரர் மகள்


மார்ச் 12

கண்ணு,

இப்படிக் கூப்பிட்டால் கோபம் வருமா? வந்தால் எழுது, நிறுத்திவிடுகிறேன்.

வேலை செய்யும்போது போட்டுக் கேட்டேன். மெழுகில் பல் வரிசை அடுக்கிக்கொண்டே கேட்க ஏற்றதாகத்தான் இருக்கிறது. பக்கத்து மேஜையில் இருக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. எனக்கு மூன்றாவது பாட்டு பிடித்தது. மற்றதெல்லாம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உனக்காகப் பிடித்ததாகச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். தும்மல் வந்தபோது நான் அந்தப் பையனைப் பார்த்து "மூக்கை மூடு" என்றேன்.

உன் சட்டை விஷயம் என்னோடு இருக்கும். யாரிடமும் போகாது.

இப்போது ஒரு விஷயம். நானும் உன் அப்பாவும் அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்குப் பிறகு நான் இந்த வேலையை விட்டு உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அவளிடம் கேட்காதே, தானாக வழிக்கு வந்துவிடுவாள் என்கிறார் அவர். சலூன்காரரின் ஆறாவது ஆல்பம் வரப்போகிறதாம், அதை வாங்கி வைத்து, நான் வரும் அன்றைக்கு என் கையால் உனக்குக் கொடுக்க வேண்டுமாம். நல்ல மனுஷன்தான், ஆனால் கையில் ஒரு பொட்டலத்தை டிக்கெட் மாதிரி நீட்டிக்கொண்டு உன் வீட்டுக்குள் நுழைய எனக்கு மனசு வரவில்லை.

அதனால் உன்னையே கேட்கிறேன். நான் வரலாமா?

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. நானும் அவரும் இப்போது இருப்பதுபோலவே இருந்துகொள்வோம்.

அன்புடன்,
பல் செட் செய்பவள்


மார்ச் 27

கண்ணு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பரீட்சை நேரம் என்று அப்பா சொன்னார். அவசரமில்லை. படி, தூங்கு. பிறகு நிதானமாக எழுது. எந்தப் பதிலாக இருந்தாலும் அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், உன் தலையில் விழாது.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. வழக்கம்போல வேலை.

பல் செட் செய்பவள்


ஏப்ரல் 6

வணக்கம்.

பரீட்சை முடிந்துவிட்டது. ஆனால் பதில் எழுதாததற்குக் காரணம் பரீட்சை இல்லை.

போன மாதம் மூன்றாவது சனிக்கிழமை, தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றேன். அங்கிருந்து உங்கள் அறையின் ஜன்னல் நன்றாகத் தெரிகிறது. வேண்டாம் என்று எழுதுவதற்கு ஏதாவது ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்க்க வந்தேன். பக்கத்து மேஜைப் பையனைத் திட்டுவீர்கள், கண்ணாடி பார்த்து அலங்காரம் செய்வீர்கள், எப்போதும் போனிலேயே இருப்பீர்கள், இப்படி ஏதாவது.

உங்கள் தலைமுடியில் பிளாஸ்டர் தூள் ஒட்டியிருந்தது. ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். புதுப் பல்லை மாட்டிக்கொண்டு அவர் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தீர்கள். பார்க்கச் சொல்லவும் இல்லை, கண்ணாடியைக் கீழே வைக்கவும் இல்லை. கடைசியில் அவராகத் திரும்பி ஈ என்று பல்லைக் காட்டினார். அப்போது நீங்களும் உங்களை அறியாமல் ஈ என்றீர்கள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மதியம் நீங்கள் ஜன்னல் பக்கத்தில் நின்றபடியே டப்பாவிலிருந்து சாப்பிட்டீர்கள். தனியாக. உட்கார நேரமில்லையோ என்று நினைத்தேன். உள்ளே வந்து பேசலாம் என்று சாலையில் ஒரு காலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் போக இத்தனை நாள் ஆனது.

வாங்க.

ஆனால் சிலதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா என்று என்னால் கூப்பிட முடியாது. என் அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தச் சட்டைகள் இருக்கும், அவற்றை எடுத்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற அப்பா அதை மட்டும் தொடமாட்டார். சலூன்காரரின் நான்காவது ஆல்பத்தை முதலில் கேட்டபோது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இப்போது அதைத்தான் அதிகம் கேட்கிறேன். ஆனால் எல்லா ஆல்பத்துக்கும் அப்படி நடக்கவில்லை. அதனால் உறுதியெல்லாம் கொடுக்க முடியாது.

ஆறாவதை நானே கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இருந்தாலும் அப்பாவிடம் சொல்லாதீர்கள். ஆசையாக வாங்கித் தரட்டும். முகம் மாறாமல் வாங்கிக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணு என்றால் கோபம் வரவில்லை.

நான்தான்


ஏப்ரல் 11

கண்ணு,

வருகிறேன். இங்கே கையில் இருக்கும் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் வருகிறேன். அலமாரியின் கீழ்த்தட்டைத் தொட மாட்டேன். தாழ்ப்பாளை நானே பார்த்துக்கொள்கிறேன், திருப்புளி என்னிடம் இருக்கிறது.

நீ என்னைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நானும் உன்னைப் பார்த்தேன்.

ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பெண் ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, இன்னொரு காலின் செருப்பைத் தரையில் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் வருகிறதா என்று பார்க்கும்போது உன் அப்பா அப்படித்தான் நிற்பார். போட்டோவில் பார்த்த முகம்கூடத் தேவைப்படவில்லை. கையில் வேலையோடு வாசல்வரை வந்துவிட்டேன். கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாய், கொடுத்ததைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளையாக நான்கு வார்த்தை பேசியிருப்பாய். நீ அதற்காக வரவில்லை. பார்க்க வந்தவள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று திரும்பிவிட்டேன்.

எப்போதும் உள்ளறையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அன்றைக்கு அந்த அறைத் திரையை ஒதுக்கிவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெயில் உன் பக்கம் திரும்பியபோது, அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் போன் செய்ய நினைத்தேன். போட்டால் உனக்குத் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ரொம்ப நேரம் நின்றாய். கால் வலித்ததா?

உன் வீட்டுக்கு வருகிறவள்