ஆறாம் கட்டத்துச் செவ்வாய்

17.6.87, புதன்
காலையிலேயே வெயில். பதினொரு மணி வரை கரண்ட் இல்லை. எம்.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு திருப்பரங்குன்றத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் உத்தியோகம். வெட்கக்கேடு. முதலாளி தினமும் பெட்டிக்குச் சூடம் காட்டுகிறார். கீ போர்டெல்லாம் கரி. புரோகிராம் எழுதியது அவர் மைத்துனன் கதிரேசன். ஆறு வாரக் கோர்ஸ். விசிட்டிங் கார்டில் ‘கம்ப்யூட்டர் எஞ்சினியர்’.

வாங்க: பிரிண்டர் ரிப்பன், பிளேடு, தலைவலி மாத்திரை.

18.6, வியாழன்
சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர். மகளுக்குச் செவ்வாய் தோஷம் என்று போன வாரம் எங்கள் தாள் சொல்லிவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகிறார்களாம்.

“எங்கூரு சோசியரு தோசமே இல்லங்கிறாரு. கொஞ்சம் பாருங்க தம்பி.”

பார்த்தேன். செவ்வாய் ஆறாம் கட்டத்தில். 2, 4, 7, 8, 12 என்றால்தான் தோஷம். கீழே கொட்டை எழுத்தில் ‘தோஷம் உண்டு’.

மத்தியானம் புரோகிராமைப் பிரித்தேன். மடையன்! பெண்ணின் பெயரையும் பன்னிரண்டு கட்டங்களையும் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கிறான். முதல் இடம் பெயருக்கு. ஆறாம் கட்டம் ஏழாவது இடத்துக்குப் போய், மெஷின் அதை ஏழாம் கட்டமாக எடுத்துக்கொண்டது. கட்டத்தை நம்பர் சொல்லி எடுக்கணும், பெயரைத் தனியே வைத்துப் பெயர் என்றே கேட்டு எடுக்கணும். பந்தியில் இலை எண்ணச் சொன்னால் பரிமாறுகிறவனையும் சேர்த்து எண்ணுகிற ஆள். கதிரேசனிடம் சொன்னதற்குப் பதில்: “எல்லாம் டேட்டாதான மாப்ள, அம்புட்டும் ஒண்ணுதான்.”

20.6, சனி
திருத்தியாச்சு. ‘தோஷம் இல்லை’. நானே பஸ் பிடித்துச் சோழவந்தான் போய்க் கொடுத்தேன். அந்தப் பெண்தான் வாங்கிப் படித்தது. இரண்டு தடவை படித்தது. சிரித்தது. காபியில் சர்க்கரை அதிகம்.

22.6, திங்கள்
மறுபடி கொடிக்கால்காரர். இரண்டு தாளும் கையில்.

“மாப்ள வீட்ல சொல்றாக, மொதத் தாளு மெசின் குடுத்ததாம். ரெண்டாவது, நீங்க எரக்கப்பட்டு மாத்துனதாம். வேற எடத்துல பூ வச்சு நிச்சயம் பண்ணிட்டாக தம்பி.”

மாப்பிள்ளை வீட்டார் படித்தவர்களாம். படித்த முட்டாள்கள்.

சித்திரையில் முதலாளி இந்தப் புரோகிராமைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். ஜோசியம்தானே, எப்படி இருந்தால் என்ன என்று பிரித்தே பார்க்காமல் ‘ஓகே’ போட்டுக் கொடுத்தேன். கொடிக்கால்காரரிடம் இதைச் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.