சில்லென்று இல்லாத இடம்

அருள்புரம்,
20.10.2024, ஞாயிறு.

அன்புள்ள ரோஸ்மேரி அம்மணிக்கு,

மகுடேஸ்வரன் எழுதிக்கொள்வது. உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததுமே நீங்கள் இதைத் தூக்கி அடுப்பில் போட்டிருக்கலாம். போடாமல் பிரித்திருந்தால், தயவுசெய்து கடைசி வரைக்கும் படியுங்கள். நடுவில் கோபம் வரும். வந்தால் நன்றாக வைதுவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது போன். இந்த வேம்பார் விலாசம் எங்கள் வீட்டு பீரோவில், இந்துமதியின் சேலைகளுக்கு அடியில் இருந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் கிடைத்தது. ஒன்றல்ல, நான்கு அட்டைகள். வாழ்த்தும் உங்கள் பெயரும் விலாசமும் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை. நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இந்துமதி ஆடிப்பெருக்கு கழிந்த மறுவாரம் தவறிவிட்டாள். கிட்னி. கோயமுத்தூரில் இருபத்தொரு நாள் வைத்துப் பார்த்தோம். உங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதையும் சேர்த்து மன்னிக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பச்சை ஜாடியை நீங்கள் உடைக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் என் முகத்துக்கு நேராகச் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு இது தெரிந்து பதினோரு நாள் ஆகிறது.

கொச்சியில் ஒரே கடையில், ஒரே நாளில், நான் இரண்டு சீன ஜாடிகள் வாங்கி வந்தது நினைவிருக்கும். உங்கள் மேல் நான் பழி போட்டது பெரியது. சின்னது கழுத்து குறுகலாக, வெளிர் பச்சையில் இருக்கும். அதை வந்த நாளிலிருந்து கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டிருந்தேன். நித்தீஷைக்கூடத் தொட விட்டதில்லை. பெற்ற மகனை நம்பாதவன் பானையை மட்டும் நம்பினேன். இந்துமதி போன பிறகுதான் அதை வெளியே எடுத்து, அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப் போட்டேன். விளக்கில் எண்ணெய் ஊற்றும்போது கை தவறி ஜாடியின் தோளில் கொட்டிவிட்டது. துணியால் துடைத்தேன், பிசுக்குப் போகவில்லை. நம் பனியன் கம்பெனி ஆட்களுக்கு எண்ணெய்க் கறையைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? கீழே கம்பெனி செக்கிங்குக்குப் போய், பனியனில் மெஷின் ஆயில் பட்டால் கெமிக்கல் பீச்சிக் கறை எடுக்கும் கன்னைக் கொண்டுவந்து இரண்டு அடி அடித்தேன். வேஸ்ட் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் பச்சை வந்தது.

சுட்ட பீங்கானில் சாயம் போகுமா அம்மணி? நாற்பது வருஷம் சாயப்பட்டறைக்காரர்களோடு சண்டை போட்டவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. இன்னொரு இழுப்பு இழுத்ததும், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பழைய விரிசல், அதில் பழுப்பாகப் பசை. யாரோ எப்போதோ உடைந்ததை ஒட்டி, மேலே பெயிண்ட் பூசி, என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பூட்டி வைத்திருந்த ஜாடி. சாவி என் இடுப்பில். இதற்கு யார் மேல் பழி போடுவேன்? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உங்கள் கையில் நடந்தது இதேதான் என்று அப்போதுதான் உறைத்தது. பெரிய ஜாடியைத் தூக்கி வைத்த ஆளின் கையிலிருந்த கிரீஸ் பட்டுவிட்டது, கன் அடித்து எடுத்துவிடுங்கள் என்று உங்களிடம் சொன்னதே நான்தான். நீங்கள் சொன்னதைச் செய்தீர்கள்.

உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. அதுதான் என்னைத் தின்கிறது. லாரியிலிருந்து இறக்கியதும் வழக்கம்போல உங்களைத்தான் கூப்பிட்டேன். முந்நூறு பேர் வேலை செய்த கம்பெனியில் உங்கள் கைக்குத் தப்பிய ஓட்டை பனியன் ஒன்றுகூட இல்லை என்பதால், ஜாடி வாங்கினாலும் உங்களிடம் ஒருமுறை காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. ஜப்பான் ஜாடி ஒன்றின் அடியில் சூளைத் தழும்பைப் பார்த்துவிட்டு இது செகண்ட்ஸ், பழுதுச் சரக்கு என்று ஒதுக்கி வைத்தீர்களே, அதன் வயது இருநூறு என்றதும் அப்படியானால் இருநூறு வருஷமாகச் செகண்ட்ஸ் என்றீர்கள். இந்துமதி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். என் பங்காளிகளெல்லாம் நான் ஊறுகாய்க் கடை போடப் போகிறேன் என்று பல்லடம் பூராவும் சொல்லித் திரிந்தபோது, அந்த மாடி அறையில் என்னோடு நின்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். பச்சை ஜாடியின் தோளில் உள்ளங்கையை வைத்துவிட்டு, சார், எல்லா இடமும் சில்லுன்னு இருக்கு, இந்த இடம் மட்டும் சில்லுன்னு இல்ல என்றீர்கள். வெயிலில் வந்த ஜாடி என்று நான் சிரித்தேன்.

விரிசல் தெரிந்ததும் நீங்கள் ஒளிக்கவில்லை. நேராக வந்து சொன்னீர்கள். நான்தான், இந்த இடம் உனக்கு முன்னாலேயே எப்படித் தெரியும், நீ போட்டு உடைத்துவிட்டு அன்றைக்கே கதை கட்டியிருக்கிறாய் என்றேன். அதோடு விட்டேனா? பழுதான துணியில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அந்த விரிசலில் ஒட்டி, உங்கள் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, வாசல் பக்கத்து செக்கிங் டேபிளில் வைத்தேன். ஒரு ஷிப்ட் முழுக்க அது அங்கே இருந்தது. பஞ்ச் அடிக்க வந்த ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருஷம் எனக்காகக் கண்ணைக் கொடுத்தவருக்கு நான் செய்த மரியாதை அது. எழுதும்போது கை கூசுகிறது.

இந்துமதி அன்றே சொன்னாள். அது பொய் சொல்ற மொகமாங்க, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க என்றாள். நீ சும்மா இரு என்றேன். அதற்குப் பிறகு அவள் மாடி அறைக்கு ஏறவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மத்தியானம், ரோஸ்மேரிக்கு ஒரு கடுதாசி போடுங்க என்றாள். ஆகட்டும் என்றேன். எழுதவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன் அம்மணி. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

நேற்று ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் செக்கிங் ஹாலில் கூட்டினேன். எல்லோர் முன்னாலும் பழி போட்டவன் எல்லோர் முன்னாலும்தானே எடுக்க வேண்டும். ரோஸ்மேரி மேல் தப்பே இல்லை, தப்பு என்னுடையது என்று மைக்கில் சொன்னேன். சூப்பர்வைசர் வேலுமணி அதை வடநாட்டு ஆட்களுக்காக இந்தியில் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். அப்புறம் வேலுமணி காதோரமாகச் சொல்கிறான், தீபாவளி போனஸ் அறிவிப்புன்னு நினைச்சுட்டாங்கங்க. ஒரு ஒடிசாப் பெண், அந்த அக்கா எந்த லைன் என்று கேட்டது. எண்ணிப் பார்த்தோம். அன்றைக்கு அந்த ஜாடியைப் பார்த்தவர்களில் இப்போது இங்கே இருப்பது ஒன்பது பேர். மற்றவர்கள் எங்கெங்கே போய் உங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, அவர்களை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? பெரியாத்தாள் மட்டும் ஹெல்பர் வரிசையிலிருந்து, அன்னைக்கே எங்களுக்குத் தெரியுமுங்க சார் என்றாள். தெரிந்தும் எவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நான் இருக்கவில்லை.

ஒருவரையாவது நேரில் பார்த்துச் சொல்லியாக வேண்டும். உங்களை வேலையை விட்டு நிறுத்திய மறுநாள் உங்கள் வீட்டுக்காரர் கம்பெனி கேட்டுக்கு வந்து, கை தவறிப் போட்டிருப்பா, மன்னிச்சு வேலைக்குச் சேத்துக்கிடுங்க என்று கும்பிட்டார். நான் இரங்கவில்லை. பாருங்கள், புருஷனே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று ஊர் முழுக்க அதையே சாட்சியாக்கினேன். அவரிடம் என் வாயால் சொல்ல வேண்டும், உங்கள் சம்சாரம் உடைக்கவில்லை என்று. நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். திரும்ப வேலைக்கு வாருங்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் மாடி அறையில் நூற்று நாற்பது ஜாடிகள் இருக்கின்றன. எதைத் தொடவும் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அதற்காகத்தான் முழுப் பெயரோடு கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
லி. மகுடேஸ்வரன்


வேம்பார்,
2.11.2024.

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

ரோஸ்மேரி எழுதுவது. தங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. நான் அடுப்பில் போடவில்லை. ஆனால் இரண்டு நாள் பிரிக்கவும் இல்லை. மாவு டின்னுக்கு மேலே வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்துமதி அம்மா போன செய்தியை உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். இந்த வருஷ அட்டைகூட வாங்கி வைத்துவிட்டேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. வருஷம் தவறாமல் அம்மா எழுதுவார்கள். நீ உடைக்கலைன்னு எனக்குத் தெரியும் கண்ணு, அவருக்கும் ஒரு நாள் தெரியும், அது வரைக்கும் மனசை விட்டுராத என்று ஒவ்வொரு தடவையும் அதே வரி. அந்த வரிக்காகத்தான் டிசம்பர் எப்போது வரும் என்று இருப்பேன். என்னை நம்பின ஆள் அவர்கள் ஒருவர்தான். அவர்கள் ஆன்மாவுக்காகக் கோவிலில் பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேற்று மதம் என்று நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை முதலாளி. பொய் எழுத எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் வேலையை விட்டு நிறுத்தியதைக்கூட மறந்துவிட்டேன். அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் மறக்கவில்லை. உங்கள் கம்பெனியில் எத்தனை ஆயிரம் ஒட்டியிருப்பேன். ஒரு நாளும் ஒரு பழுதில்லாத துணியில் ஒட்டியதில்லை.

இங்கே வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். மகன் ராஜ்கமல் சென்னையில் இருக்கிறான், பணம் அனுப்புகிறான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டிருக்கிறேன். நீங்கள் மற்ற ஜாடிகளில் அந்தக் கன்னை அடித்துப் பார்க்காதீர்கள். நல்லதும் கெட்டுப்போகும். விடியற்காலையில், வெயில் ஏறும் முன்னால், உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். எங்கே சில்லென்று இல்லையோ அங்கே யாரோ பூசியிருக்கிறார்கள். அவசரப்படாமல் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இனி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கொரோனா இரண்டாவது அலையில் இறந்துவிட்டார். மூன்று வருஷம் முடிந்துவிட்டது.

இங்கே வந்த பிறகு அவர் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. உடைச்சேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டு முதலாளி கால்ல விழுந்திருந்தா வேலையாவது மிஞ்சியிருக்கும்லா, உனக்கு என்ன அவ்வளவு வீம்பு என்பார். நான் உடைக்கலைய்யா என்பேன். உடைக்காமலா பெரிய மனுசன் அத்தனை பேர் முன்னால வைப்பாரு என்பார். சாப்பிடும்போது சொல்வார், படுக்கும்போது சொல்வார். நல்ல மனிதர்தான், என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் என்னை நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுகூட, மூச்சு வாங்க வாங்க, இப்பமாவது உண்மையைச் சொல்லிரு ரோசு, நான் கோவிச்சுக்கிட மாட்டேன் என்றார். நான் உடைக்கலை என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை உள்ளே விடவில்லை. உடம்பைக்கூடத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் பூவும் வாங்கிக்கொண்டு, உங்கள் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் வாய்விட்டே வாசித்தேன். அந்தப் பச்சை ஜாடியை நீங்கள் உடைக்கவில்லை என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் பெயரையும் கையெழுத்தையும்கூட வாசித்தேன்.

வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. என்ன இருந்தாலும் வாசித்தது என் குரல்தானே.

அதனால் நீங்கள் வாருங்கள் முதலாளி. வயதான காலத்தில் அலைய வைக்கிறாளே என்று நினைக்காதீர்கள். மதுரை வந்து தூத்துக்குடி பஸ் ஏறினால் எட்டயபுரத்தில் இறங்கி மாறலாம். ராஜ்கமலிடம் சொன்னால் கூட்டிவர வண்டி ஏற்பாடு செய்வான். சாப்பாடு என் வீட்டில்தான். கடவுள் உங்களுக்கு அதுவரை உடம்புக்குச் சுகத்தைக் கொடுக்கட்டும். வந்து, அவர் பக்கத்தில் நின்று, உங்கள் வாயாலேயே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

இப்படிக்கு,
ரோஸ்மேரி