இரண்டாவது ஜாக்குலின்

பிப்ரவரி 12, 2024

இன்று ரோஸ்லினிடம் சொல்லாதது: "ஆமாம், அதுதான் காரணம் என்று நானும் நினைக்கிறேன்."

விழுப்புரத்தில், நான் ஆலோசகராக இருக்கும் மரபணுப் பிரிவில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பத்து வாரக் கர்ப்பம். முதல் குழந்தை ஆஸ்வின் போன ஆண்டு இறந்துவிட்டான், இரண்டு வயது ஆகும் முன்பே. கோஷே நோய். செல்லுக்குள் சேரும் ஒருவகைக் கொழுப்பைக் கரைக்கும் நொதி அவனுக்குப் போதவில்லை. கரையாதது கல்லீரலிலும் மண்ணீரலிலும் சேர்ந்து வயிறு பெருத்தது. கடைசியில் பாலை விழுங்கக்கூட முடியவில்லை.

அந்த நொதிக்கான மரபணுவில் அவனுக்கு ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, இரண்டிலும் அதே மாற்றம். இதற்கு முன் யாரும் எழுதி வைக்காத மாற்றம். அது நோய் தருவது என்று நாங்கள் வகைப்படுத்தினால்தான் வயிற்றிலிருக்கும் குழந்தையைச் சோதித்து ஏதாவது சொல்ல முடியும். கருவில் நொதியையே அளந்து பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. நாங்கள் வகைப்படுத்தி வைத்திருப்பதோ "தெரியவில்லை" என்று.

தடுப்பது ஒரே ஒரு பதிவு. ஓமந்தூர்ப் பக்கத்தில் ஜாக்குலின் என்றொரு பெண் குழந்தை. அவளுக்கும் இரண்டு பிரதியிலும் இதே மாற்றம். ஆனால் நோய் இல்லை.

ரோஸ்லினின் கணவர் இன்னாசிராஜ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை செய்கிறார். "டோல்ல ஒரு வண்டிய மடக்குனா, ஏன் மடக்குனோம்னு சொல்லணும் மேடம். நீங்க இன்னாடான்னா தெரியல தெரியலன்னே அனுப்பிக்கினு இருக்கீங்க."

ரோஸ்லின் அவர் முழங்காலில் தட்டினாள். "சும்மா இருங்க. அவங்க இன்னா, வெச்சிக்கினா இல்லன்றாங்க?"

வைத்துக்கொண்டுதான் இல்லை என்கிறேன்.

பிப்ரவரி 13

அருணா மேடம் எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர். வகையை மாற்றலாமா என்று மறுபடியும் கேட்டேன்.

"உனக்குத் தோணுது. எனக்கும் தோணுது. தோணுறதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதிடலாமா? ஒரு புள்ள ரெண்டு காப்பியையும் வெச்சிக்கிட்டு ஓடியாடிட்டு இருக்கு. அதத் தாண்டி எப்படிம்மா போவ?"

போக முடியாதுதான். தவறாக "நோய்" என்று எழுதினால் நல்ல குழந்தை ஒன்று கலைக்கப்பட்டுவிடலாம். தவறாக "இல்லை" என்று எழுதினால் இன்னொரு ஆஸ்வின். இரண்டு தவறுக்கும் நடுவில் ஒரே சொல்.

பிப்ரவரி 14

ரயிலில் எதிரே மூன்று பெண்கள், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு. தவக்காலம் தொடங்கிவிட்டது. நாவலில் இருபது பக்கம் புரட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் அம்மா: "ரயில்ல படிக்கிற, சோறு துன்னும்போதும் படிக்கிற. கறிவேப்பிலை வாங்கினு வாடின்னு அனுப்புன மெசேஜ் மட்டும் படிக்க வரல, இல்ல?"

பிப்ரவரி 20

ஜாக்குலினைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? 2016இல் ஊரில் நடந்த முகாமில், நோயில்லாத குழந்தைகளின் தொகுப்புக்காக ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அப்போது மூன்று மாதம். அந்த ரத்தத்தின் மரபணுவைப் படித்தது 2022இல். படித்தவுடன் யாரோ வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள். "நலம். பள்ளிக்குச் செல்கிறாள்." அவ்வளவுதான்.

அந்தக் குழந்தையின் வயிற்றை யார் தொட்டுப் பார்த்தார்கள்? இந்த நோய் சிலருக்குத் தாமதமாகவும் வரும். மெதுவாகவும் வரும்.

மேடத்திடம் சொன்னேன். "நான் வந்து தொட்டுப் பாக்கணும், அதான?" என்று சிரித்தார். வீட்டாரிடம் அவரே பேசி அனுமதி வாங்கிவிட்டார்.

மார்ச் 2

மேடத்தின் காரில் போனோம். ஜாக்குலினின் அம்மா அமல்ராணி வாசலில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, காய வைத்துக்கொண்டிருந்தார். ஜாக்குலின் என்று கூப்பிட்டதும் குழந்தை கொல்லையிலிருந்து ஓடிவந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது. மேடம் வயிற்றில் விரல் வைத்ததும் "கூசுது, கூசுது" என்று புரண்டு சிரித்தது.

கல்லீரல் சரி. மண்ணீரல் தட்டுப்படவே இல்லை, வீக்கமே கிடையாது. மேடம் என்னைப் பார்த்த பார்வையில், வகையை மாற்றும் நம்பிக்கை எல்லாம் முடிந்துவிட்டது. ரோஸ்லினிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "என்ன கிளாஸ் படிக்கிற?"

"ஒண்ணாவது."

எங்கள் கணக்கில் அவளுக்கு எட்டு வயது ஆகப்போகிறது.

"லேட்டா சேர்த்தீங்களாக்கா?"

"இல்லீங்களே. இப்பதான் ஆறு முடியப் போவுது."

"முகாம்ல ரத்தம் எடுத்தது 2016லயாச்சே?"

அமல்ராணியின் கை மல்லாட்டையிலேயே நின்றது. "அது பெரியவ மேடம்."

"பெரியவ பேரு?"

"ஜாக்குலின்தான். ஒண்ணர வயசுல பூட்டா. வயிறு வீங்கிக்கினே போச்சு. பெரியாஸ்பத்திரியில ரெண்டு மாசம் வெச்சிருந்தோம். இவ பொறந்ததும் அவங்கப்பா அதே பேருதான்னு நின்னுட்டாரு. எங்க பக்கம் அப்படி வெப்பாங்க. போன புள்ள பேரு வூட்ல கூப்புடாம நின்னுறக் கூடாதுன்னு."

"போன்ல கேட்டப்போ…"

"ஜாக்குலின் எப்படி இருக்கான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. நல்லா இருக்கா, ஸ்கூலுக்குப் போறான்னேன். நல்லாத்தான இருக்கா?"

நல்லாத்தான் இருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து மேடத்தின் ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அமல்ராணி என்னை மட்டும் நிறுத்தினார். "பெரியவள வேளாங்கண்ணிக்கு நடந்து தூக்கினு போனேன். வெயில்ல இட்டுப் போயி கொன்னுட்டன்னு எங்க மாமியா இன்னிக்கும் சொல்லுது. அதனாலயா மேடம்?"

"இல்லக்கா. நடந்ததால இல்ல. வெயிலாலயும் இல்ல."

சொல்லலாமா என்று மேடத்தைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

மார்ச் 9

அந்த வீட்டில் எடுத்துவந்த ரத்தம்: சின்ன ஜாக்குலினுக்கு ஒரு பிரதியில் மட்டும் மாற்றம். அவள் அம்மா அப்பாவுக்கும் ஒவ்வொன்று. பெரியவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த மருத்துவரிடமும் மேடம் பேசிவிட்டார். அதே நோயின் எல்லா அடையாளங்களும்.

மாற்றம் நோய் தராது என்று நின்ற ஒரே சாட்சி, அதே மாற்றத்துக்குப் பலியான இன்னொரு குழந்தை. மேடம் வகையை மாற்றினார்: "பெரும்பாலும் நோய் தருவது."

"நலம்" என்பதை அழித்து "இறப்பு" என்று எழுதியதும் எல்லாம் பொருந்தியது. பொருந்தியபோது சந்தோஷமாக இருந்தது. எதற்குச் சந்தோஷப்பட்டேன் நான்?

மார்ச் 11

ரோஸ்லினிடம் சொன்னேன். இனி சோதிக்கலாம் என்று.

இன்னாசிராஜ் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் மாறி இருந்துச்சின்னா… தவக்காலம் வேற. ஃபாதர ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"ஆஸ்வினத் தோள்ல போட்டுக்கினு வெடிய வெடிய நடந்தது ஃபாதரா?" என்றாள் ரோஸ்லின். கோபமாகக்கூட இல்லை. "மொதல்ல தெரிஞ்சிக்கறேன். அப்பறம் கேளுங்க, யார வேணா."

இரண்டும் மாறியிருந்தால் என்ன செய்வாள்? நான் கேட்கவில்லை. அது என் கேள்வி இல்லை.

மார்ச் 26

பனிக்குட நீர் எடுத்தார்கள். ஊசியைப் பார்க்காமல் ரோஸ்லின் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரயிலில்தான் கவனித்தேன், முனை முழுக்கக் கசங்கியிருந்தது.

ஏப்ரல் 5

முடிவு இன்னும் வரவில்லை. கறிவேப்பிலை வாங்கினேன்.

ஏப்ரல் 16

ஒரு பிரதி. ஒன்றே ஒன்று.

மேடம் கையெழுத்துப் போட்டதும் ரோஸ்லினை அழைத்தேன். எடுக்கவில்லை. இன்னாசிராஜை அழைத்தேன்; எடுத்தார், பின்னால் ஹாரன் சத்தம். சொன்னேன்: உங்களைப் போல, ரோஸ்லினைப் போல, ஒரு பிரதிதான். இந்த நோய் இந்தக் குழந்தைக்கு வராது. வேறு எதற்கும் நான் உத்தரவாதம் சொல்லவில்லை, இதற்கு மட்டும்.

ஹாரன் மட்டும் கூடிக்கொண்டே போனது.

"சார், வண்டிங்க நிக்குது போல."

"நிக்கட்டும் மேடம்."

அக்டோபர் 14

மதியம் ரோஸ்லினும் இன்னாசிராஜும் குழந்தையோடு வந்தார்கள். அவன் வயிறு தட்டையாக, மெத்தென்று இருந்தது. மேடம் விரல் வைத்ததும் கத்தித் தீர்த்தான்.

"நல்லா கத்துடா. உங்கப்பன மாதிரி டோல்ல நிக்கணும்ல?" என்றாள் ரோஸ்லின்.

புதிய பதிவு திறந்தேன். மார்ச்சிலிருந்து இங்கே பிறந்த தேதியை முதலில் எழுதுகிறோம், பெயரைப் பிறகு.

செப்டம்பர் 5 என்றார் இன்னாசிராஜ்.

பெயர் கேட்டேன். ஆஸ்வின்.