பூனைக்கு வைத்த களி

டிசம்பர் 12, வெள்ளி

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன், என் தப்பையும் சேர்த்து.

மூடிக்கிடக்கும் கம்பெனிக்குப் பின்னால், சிமெண்ட் குழாய்க்குள் ஒரு தாய்ப்பூனையும் மூன்று குட்டிகளும் இருக்கின்றன. அது யாரையும் கிட்டே விடாது. தினமும் சாயங்காலம் கருவாட்டுக் குழம்பில் பிசைந்த ராகிக்களியைத் தட்டில் வைத்துவிட்டு, வாட்ச்மேன் முனியப்பா மாமாவோடு கம்பெனி மாடிப்படியில் நின்று பார்ப்பேன்.

இன்று பூனை வெளியே வருமுன்பே சானமாவுக் காட்டிலிருந்து ஒற்றை யானை வந்தது. காலடிச் சத்தமே கேட்கவில்லை. களியை எடுத்து, கருவாட்டு வாசம் பிடிக்காமல் உதறிப் போட்டது. பிறகு தும்பிக்கையைக் குழாய்க்குள் விட்டது. குட்டிகள் செத்தன என்றே நினைத்தேன். உள்ளே தாய்ப்பூனை சீறியது. அவ்வளவு பெரிய யானை இரண்டடி பின்வாங்கியது. குழாயை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போயிற்று.

"பூனைக்குன்னு சொல்லி யானைக்கு விருந்து வெச்சிருக்கியே கண்ணு. ராகி வாசம் அதுக்குத் தெரியாதா?" என்றார் மாமா.

"இனிமே வெக்கக் கூடாதா மாமா?"

"சோறா வெய்யி. பட்டப்பகல்ல வெய்யி. உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு, இல்லேன்னா நான் சொல்லுவேன்."

இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அந்தப் பக்கமே விடமாட்டார். ஆனால் அந்தச் சின்னச் சீறலுக்கு யானை வழிவிட்டதை யாரிடமாவது சொல்லாமல் எப்படி இருப்பது? காலையில் அப்பாவிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு களி வைத்ததையும்...

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.