உன் முயல்குட்டிகளுக்கு வாங்கிய தீவனம்

செல்வி அக்கா, அம்மாவுக்கு அப்புறம் எனக்கு அம்மாவாக இருந்தவளே,

நீ கண்ணை மூடிய பத்தாம் நாள் உன் வெள்ளை முயல் குட்டி போட்டது. அது சினையாக இருந்தது உனக்குத் தெரியுமா?

தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கி மெத்தை போட்டிருந்தது. அதில் நாலு குட்டிகள். முடி கிடையாது, கண் திறக்கவில்லை, என் கட்டைவிரல் நீளம்தான். கீழ்பென்னாத்தூருக்கு இத்தனை வருஷமாக வேன் ஓட்டுகிறேன், எதையும் நின்று பார்த்தவனில்லை. அன்றைக்குக் காலை டிரிப்பே போகவில்லை.

தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிஷம்தான் பால் கொடுத்தது. பட்டினி போடுகிறதோ என்று பயந்தேன். குட்டிகளின் வயிறோ பந்து மாதிரி இருந்தது. எவ்வளவு போதும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

பால் குறைந்ததும் தீவனம் வாங்க டவுனுக்குப் போனேன். கலர் கலராக, விதையும் சோளமும் கலந்த ஒரு பாக்கெட். பார்க்க அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். அதைப் போட ஆரம்பித்த நாலாம் நாள் கடைசிக் குட்டி சாப்பிடவில்லை. வயிறு உப்பி, மூலையில் சுருண்டு கிடந்தது.

சட்டைக்குள் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா கேட்டார், "என்ன கொடுக்குறீங்க?"

பாக்கெட்டைக் காட்டினேன்.

"இதுல மாவுச்சத்து ஜாஸ்தி, நார்ச்சத்து கம்மி. குட்டி ருசியானதைப் பொறுக்கித் தின்னுட்டு மீதியை விட்டுடும். ஒரே மாதிரி பச்சையா, சின்னச் சின்னக் குச்சியா இருக்கற பெல்லட் தீவனமா பாருங்க. புல்லும் குதிரைமசால் தழையும் அரைச்சு செஞ்சது, வளர்ற குட்டிக்கு நல்லது. பழசாயிட்டா வேணாம்."

"உடனே மாத்திடறேங்க."

"இந்தக் கலரை இன்னிக்கே நிறுத்துங்க. இவன் தேறற வரைக்கும் காஞ்ச புல்லும் தண்ணியும்தான். அப்புறம் பெல்லட்டைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. புல்லு மட்டும் எப்பவும் கூண்டுல இருக்கணும்."

மருந்து கொடுத்து அனுப்பினார். இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தேன். அந்த நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்த வேகம் இருக்கிறதே, அக்கா, எண்ண முடியவில்லை. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பிடிவாதமா?

மூன்றாம் நாள் விடிந்ததும் ஒரு புல்லை இழுத்துக் கடித்தது. அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போனதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இப்போது நார்ச்சத்து எவ்வளவு, எப்போது தயாரித்தது என்று படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். "குழந்தைக்குக்கூட இப்படி யாரும் பார்க்கறதில்லைங்க" என்கிறார். என் குழந்தைகள் நாலும் தவழாமலே ஓடுகின்றன.

இதையெல்லாம் நீ தினமும் தனியாகவா பார்த்துக்கொண்டிருந்தாய்? ஒரு நாளாவது உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம் நான்.

வேங்கிக்காலில் இரண்டு வீட்டில் குட்டி கேட்கிறார்கள். எப்படி வளர்ப்பது என்று உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் கொடுப்பேன். தாயை யாருக்கும் தரமாட்டேன். அது கடைசிவரை என்னோடுதான் இருக்கும், இது சத்தியம்.

நீ வளர்த்த
தம்பி