சூலூர்த் தோட்டத்தில் நீ போட்ட கோடு

என் பிரியமுள்ள மச்சான் சென்னியப்பனுக்கு,

கல்யாணம் முடிந்த புதிதில் உன்னை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். “தங்கச்சியைக் கட்டுனா கூட்டாளி இல்லைன்னு ஆயிருமா மாப்ளே? பழையபடியே பேசு” என்று சிரித்தாய். அதனால் இப்போதும் நீ என்றே எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடின பிறகு பீளமேட்டில் உன் வீட்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. ஆபீசில் உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. எனக்குத்தான் எங்கே உட்கார்ந்தாலும் இருப்புக்கொள்ளவில்லை. எல்லாம் நீ கடைசியாகப் போட்ட அந்த மண் வரைபடத்தால் வந்தது.

நம் வேலையை யாராவது கேட்டால் சுலபமாகச் சொல்லிவிடுவோம். ஊர் ஊராகக் குழி தோண்டி, மண்ணை அடுக்கடுக்காகப் பார்த்து, இது செம்மண், இது கரிசல், இது வண்டல், இது சரளை என்று பிரித்துக் கோடு போடுவது. ஆனால் ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று மண் சொல்லுமா? அதற்காக நாம் எத்தனை வரப்புகளில் நின்று சண்டை போட்டிருக்கிறோம்?

சூலூர் பக்கம் ஒரு தோட்டத்தை நீ செம்மண் என்று பென்சிலில் குறித்திருந்தாய். மை போடுவதற்கு முன் சரிபார்க்க அதிகாரியோடு ஜீப்பில் போனேன். அங்கே பார்த்தால் கறுப்பு நிலம். அவர் வரப்பில் நின்றபடியே ஒரு கட்டியை எடுத்து உடைத்தார்.

“இது கரிசல் இல்லாம வேறென்னங்க? பாவம், அவருக்கு அப்பவே ஒடம்பு முடியலை. கோட்டைத் தள்ளிப் போட்டுருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் கண்ணுக்கும் அது கறுப்பாகத்தான் தெரிந்தது. நோய் உன் கண்ணையும் கெடுத்துவிட்டதா? உன் கடைசி வேலையை அழிக்கிற ரப்பர் என் கையிலா வர வேண்டும்?

வீட்டில் ஈஸ்வரியிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, எங்கண்ணன் தப்பா எழுதியிருப்பாருங்களா? கத்திரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பாத்து வாங்கறவருங்க.”

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையும் மண்வெட்டியுமாக பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி நானே தோண்டினேன். “கெணறு வெட்டறீங்களா?” என்று அவர் கிண்டல் செய்தார். மேல்மண்ணைப் பார்த்துப் பேர் வைக்காதே என்று என்னைத் திட்டுவாயே, அந்தக் கோபத்தில்தான் தோண்டினேன். உன்மேல் கோபமா, அதிகாரிமேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

முழங்கால் ஆழத்தில் கறுப்பு நின்றுபோனது. அதற்குக் கீழே நல்ல செம்மண். இடுப்பளவு போயும் செம்மண்தான். நான் குழிக்குள் நின்று சிரித்தேன். அழுதேன் என்று சொன்னாலும் சரிதான்.

“மேல இருக்கறது கொளத்து வண்டலுங்க” என்றார் தோட்டத்துக்காரர். “எங்கய்யன் காலத்துல இருந்து வருசா வருசம் கோடையில வண்டி வண்டியா அடிச்சுக் கொட்டுனது. மின்னாடி ஒருத்தர் வந்து இதே மாதிரிதான் தோண்டுனாருங்க. தோண்டிப்போட்டு குழிக்குள்ளயே உக்காந்துட்டாரு, ஏற முடியலை. நான்தான் கையைப் புடிச்சுத் தூக்கிவிட்டேன். ஊட்டுல சொல்லிப்போடாதீங்கன்னாரு.”

ஏன் மச்சான், அவ்வளவு வலியோடு ஏன் போனாய்? என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் தோண்டியிருக்க மாட்டேனா?

மறுநாள் இரண்டு அடுக்கு மண்ணையும் பையில் போட்டு அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். பார்த்தவர், “அப்படியே இருக்கட்டுங்க” என்றார். ஈஸ்வரியிடம் உன் கோடு சரி என்று மட்டும் சொன்னேன். நீ குழிக்குள் உட்கார்ந்ததைச் சொல்ல இன்னும் நா எழவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்; எல்லாரும் படிக்கட்டும். முதலில் அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.

நாளைக்கு உன் கோட்டின் மேல் நானே மை போடுகிறேன். மயிரிழைகூட நகராது. இனி எந்த ஊருக்குப் போனாலும், வரப்பில் நின்று மண்ணுக்குப் பேர் வைக்க மாட்டேன்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
உன் மாப்பிள்ளை பழனிச்சாமி